தோற்க வேண்டிய குதிரை

தோற்றால் குதிரை பிழைக்கும், ஜெயித்தால் தொலைந்தது. இப்படி ஒரு கேடுகெட்ட பந்தயம் வேறெங்காவது உண்டா தெரியாது, இங்கிலாந்தில் உண்டு. விற்பனைப் பந்தயம் என்று பெயர். எந்தக் குதிரை முதலில் வருகிறதோ அதை வியர்வை காய்வதற்குள் அங்கேயே ஏலம் விட்டுவிட வேண்டும். தோற்றதெல்லாம் வீட்டுக்குப் போகலாம். ஜெயித்ததுக்குக் கிடைக்கிற மரியாதை இது.

அந்த மார்ச் மாதக் காலையில் பட்டன் என்கிற குதிரையின் பிடரி மயிரைப் பின்னிக்கொண்டிருந்த ஆமோஸ் பெட்டிஃபருக்கு இது நன்றாகத் தெரியும். இன்றைக்கு இந்தக் குதிரை தோற்க வேண்டும். அதைத் தவிர அவன் மண்டையில் வேறு ஒன்றும் இல்லை.

ஆமோஸுக்கு நாற்பது தாண்டிவிட்டது, தலையில் பாதி நரை. ஆனாலும் லாயத்தில் அவன் ‘பையன்’தான். குதிரையைத் தேய்த்துத் தீனி வைக்கிறவனுக்கு அந்தப் பக்கத்தில் பல் கொட்டினாலும் பையன் என்றுதான் பெயர். கல்லறைக் கல்லில் வேண்டுமானால் பெரிய மனுஷனாக எழுதிக்கொள்ளலாம். ஒவ்வொரு பையனுக்கும் இரண்டு குதிரைகள் பொறுப்பு. அவை ஜெயித்தால் ‘நான் சான்டவுன்ல ஜெயிச்சேன்’ என்று சாராயக்கடையில் மார்தட்டுவான். காசு போட்ட முதலாளியும், உயிரைப் பணயம் வைத்து மேலே ஏறுகிற ஜாக்கியும் அவன் கணக்கில் வரவே மாட்டார்கள். ஆமோஸ் மட்டும் அப்படிப் பேச மாட்டான். ‘அது ஜெயிச்சுது’ என்பான், அதுவும் கேட்டால்தான்.

பிரான்ஸிலிருந்து திரும்பியதிலிருந்தே ஆள் இப்படித்தான். முதல் உலக யுத்தம் முழுக்க பீரங்கி வண்டிக் குதிரைகளோடு சேற்றில் கிடந்தவன். அங்கிருக்கும்போதே மனைவி விஷக்காய்ச்சலில் செத்துப்போனாள். சேதி வந்தது. ‘சரி’ என்று சொல்லிவிட்டுக் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போனானாம். பக்கத்தில் நின்றவன் ஊருக்கு வந்து சொன்ன கதை இது. அதிலிருந்து அவனுக்கு மரக்கட்டை என்று பெயர் வைத்துவிட்டார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவனும் திரும்பிப் பார்ப்பான். கோபம் வந்தால் அல்லவா? அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, அது மாதிரி அவனுக்கு ஆள் முழுக்க மரத்திருந்தது. பதினைந்து வருஷமாக அந்த மரமரப்பு இறங்கவில்லை.

குதிரையின் முழுப்பெயர் பார்சன்ஸ் பட்டன். தகப்பன் பெயர் கன்ட்ரி பார்சன், தாய் பெயர் பட்டன்ஹோல், இரண்டையும் ஒட்டவைத்துவிட்டார்கள். நாலு வயதில் அயர்லாந்திலிருந்து கப்பலிலும் ரயிலிலும் வந்து இறங்கியது. பெரிய தலை, கழுதைக் காது, முதுகெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. லாயத்தின் தலைவர் கேப்டன் ஹெரிக் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இதுக்கு எந்தப் பையன் தோது என்று யோசித்து, மூஞ்சியைப் பார்த்துக் கவலைப்படாத ஒரே ஆள் ஆமோஸ்தான் என்று அவனிடம் ஒப்படைத்தார்.

முதல் பந்தயத்தில் முதல் வேலியிலேயே குப்புற விழுந்தது. இரண்டாவதில் வேலியை மதித்துத் தாண்டியது. அதற்கப்புறம் அதற்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். முன்னால் ஒரு வேலி இருந்தால் தாண்ட வேண்டும், முன்னால் ஒரு குதிரை இருந்தால் பிடிக்க வேண்டும். வேகம் பிரமாதம் இல்லை. ஆனால் மற்றதெல்லாம் மூச்சு வாங்கி நிற்கும்போது இது மட்டும் தபால்காரர் மாதிரி ஒரே நடையில் வந்துகொண்டிருக்கும். வின்கான்டனில் ஜெயித்தது. சான்டவுனில் ஜெயித்தது. லிவர்பூல் பெரிய பந்தயத்தில் முதல் தடவை, ஆளில்லாமல் ஓடிய ஒரு குதிரை குறுக்கே பாய்ந்ததில் பள்ளத்துக்குள் போனது. அடுத்த வருஷம் கடைசிக்கு முந்தின வேலியில் விழுந்தது. ஜாக்கி பர்சி டோலன் உதட்டில் ரத்தம் ஒழுக எழுந்து, மறுபடி ஏறி, நாலாவதாகக் கொண்டுவந்து சேர்த்தான். முதலாளி ஓல்ட்ராய்ட் அன்றைக்கு வழியில் கண்டவனுக்கெல்லாம் சுருட்டு கொடுத்தார். பிராட்ஃபோர்டில் கம்பளி நூற்பாலை வைத்திருந்தவர், அப்போது கொடுக்கக் கையில் இருந்தது.

பிறகு செல்ட்டன்ஹாமில் ஒரு நாள் முன்னங்கால் நரம்பு போய்விட்டது. சூடு போட்டார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காலில் வரிசையாகக் கோடு இழுப்பார்கள், அதில் நரம்பு இறுகிப் பலப்படும் என்று நம்பிக்கை. குதிரையின் மூக்கைக் கயிற்றால் முறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியது ஆமோஸ். பொசுங்குகிற வாசனைக்கு வாலிபப் பையன்கள் இரண்டு பேர் வெளியே ஓடினார்கள். இவன் நின்றான். குதிரையின் கண் கடைசிவரைக்கும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் காலை அவன் தவிட்டுக் கஞ்சி கொண்டுபோனால் கடிக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். கடிக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு அவன் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நின்றது. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்கள் சாராயக்கடைக்குப் போனால் ஆமோஸ் அங்கேயே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து புகைப்பான். குதிரை தோளில் தாடையை வைத்துக்கொள்ளும். பாசமா என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. அங்கே இருந்தால் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான்.

ஒரு வருஷ ஓய்வுக்குப் பிறகு குதிரை ஓடியது, ஆனால் பழைய மூச்சு இல்லை. பெரிய பந்தயத்திலிருந்து நடுத்தரத்துக்கு, நடுத்தரத்திலிருந்து சின்னதுக்கு. படிப்படியாக இறங்கிக் கடைசிப் படிக்கு வந்துவிட்டது. கடைசிப் படிதான் இந்த விற்பனைப் பந்தயம்.

ஓல்ட்ராய்டும் இறங்கிக்கொண்டிருந்தார். நூல் வாங்க நாதியில்லை, ஆலையில் பாதியைப் பூட்டிவிட்டார். பிப்ரவரியில் ஒரு நாள் வந்தார், சுருட்டு இல்லாமல். கேப்டனிடம் முற்றத்தில் நின்றே பேசினார், ஆமோஸ் பட்டனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

“ஆஷ்கோம்ப்ல விற்பனைப் பந்தயத்துல விடுங்க கேப்டன். ஜெயிச்சா ஏலத்துல யாரோ கொண்டுபோகட்டும், எனக்கு நாலு காசு வரும். தோத்துச்சுன்னா நீங்களே வச்சுக்குங்க. ரயில் கட்டணம்கூட நான் தர்றதா இல்ல.”

தோற்றால் கேப்டனுக்கு. கேப்டனிடம் மேற்கே ஆற்றோரம் ஒரு புல்வெளி இருந்தது. இந்தக் கிழத்தை அதில் விட்டுவிடலாம் என்று அப்போதே ஆமோஸிடம் சொல்லிவிட்டார். ஆமோஸ் ‘சரி சார்’ என்றான். அன்று மாலை குதிரையைத் தேய்த்தபோது அவன் ஏதோ ராகம் முனகியதாகப் பக்கத்து லாயத்துக்காரன் சத்தியம் செய்தான். யாரும் நம்பவில்லை.

ஜெயித்தால் யார் கொண்டுபோவார் என்பது ஊரறிந்த விஷயம். டக்கெட் என்று ஒரு தரகர், சின்னப் பந்தயம் ஒன்று விடாமல் வந்து நிற்பார். காலில் சூடு போட்ட கிழட்டுக் குதிரைகளைச் சதைக்கு மதிப்புப் போட்டு வாங்கி பெல்ஜியத்துக்குக் கப்பல் ஏற்றுவார். அங்கே அதைத் தின்கிறார்கள். தின்னட்டும், அது அவர்கள் வழக்கம், செத்த பிறகு யார் தின்றால் என்ன. போகிற வழிதான் கொடுமை. கப்பலின் அடித்தளத்தில் நெருக்கி நிறுத்துவார்கள், கடல் ஆடினால் கால் முறியும், முறிந்த காலோடு இறக்கிக் கசாப்புக் கொட்டகை வரைக்கும் நடத்துவார்கள். யுத்தம் முடிந்த வருஷம் ஆமோஸ் அந்த பெல்ஜியத் துறைமுகத்தில் வேலை பார்த்தான். கல் பாவின தெருவில் அவை நடந்துபோகிற சத்தம் அவனுக்குத் தெரியும்.

கேப்டன் மடையர் இல்லை. ஜெயித்துத் தொலைத்தாலும் ஏலத்தில் தானே வாங்கிவிடுவது என்று கொஞ்சம் பணம் புரட்டி வைத்திருந்தார். ஆனால் கேப்டனுக்குக் குதிரை மேல் ஆசை என்று தெரிந்தால் டக்கெட் வேண்டுமென்றே ஏற்றிவிடுவார். அதற்கும் ஒரு வழி இருந்தது. காலையில் குதிரையை ரயிலில் ஏற்றும்போது ஆமோஸிடம் சொன்னார்.

“ஏலக்காரர்கிட்ட பேசிட்டேன் ஆமோஸ். நான் கையத் தூக்க மாட்டேன், வாயத் திறக்க மாட்டேன். என் தொப்பி தலையில இருக்கற வரைக்கும் நான் கேக்கறேன்னு அர்த்தம். தொப்பிய எடுத்துட்டா நான் விலகிட்டேன்னு அர்த்தம். டக்கெட்டுக்கு யாரோட மோதறோம்னே தெரியாது.”

பெரிய ஏலங்களில் இப்படி ரகசிய ஜாடை வைத்துக்கொள்வது சகஜம்தான். ஒருவர் கண்ணாடியைத் துடைப்பார், ஒருவர் பென்சிலைக் கடிப்பார். ஆமோஸ் ‘சரி சார்’ என்றான்.

ஆஷ்கோம்பில் குளிர்காற்று அடித்தது. கூட்டமும் சுமார்தான். லாயத்தில் குதிரையை நிறுத்திவிட்டு ஆமோஸ் ஒரு வாளி தண்ணீர் மொண்டுவந்தான். பந்தயத்துக்கு முன் குதிரை வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டால் ஓட முடியாது. இது பழைய திருட்டு வேலை. மாட்டினால் அப்புறம் எந்த லாயத்திலும் வேலை கிடைக்காது. கேப்டனுக்குத் தெரிந்தால் செருப்பால் அடிப்பார், அவர் அப்படிப்பட்ட ஆள். ஜாக்கியிடம்கூட ஒழுங்காக ஓட்டு என்றுதான் சொல்லியிருந்தார். ஆமோஸ் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு வாளியைக் குதிரையின் மூக்குக்குக் கீழே பிடித்தான்.

பட்டன் உதட்டை நனைத்தது. நிமிர்ந்து அவனைப் பார்த்தது. பிடரி பின்னிவிட்ட அன்றைக்குத் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று ஒன்பது வருஷமாக அதற்குப் பழக்கம். வாளியை மூக்கால் தள்ளிவிட்டு வாசல் பக்கம் காதை நிமிர்த்திக்கொண்டு நின்றது. எங்கோ கூட்டத்தின் இரைச்சல் கேட்டது, அதற்கு அது போதும்.

“சனியனே, குடிச்சுத் தொலையேன்,” என்றான் ஆமோஸ். அது குடிக்கவில்லை.

பந்தயம் மூன்று மைல். ஆமோஸ் கடைசி வேலிக்குப் பக்கத்தில் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். முதல் சுற்று போனபோது பட்டன் கடைசிக்கு முந்தியதாக, பர்சி கையை அசைக்காமல் உட்கார்ந்திருக்க, ஜாலியாகத் தாண்டிக்கொண்டு போனது. ஆமோஸுக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டாவது சுற்றில் ஒன்று விழுந்தது, இரண்டு மூச்சு வாங்கி நின்றுவிட்டன, ஒன்று வேலியைப் பார்த்து மாட்டேன் என்றது. பட்டன் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தது. அப்போதும் ஆமோஸ் பயப்படவில்லை. முன்னால் போன இரண்டும் இளசுகள், இருபது முப்பது கஜம் தள்ளி ஜோடியாகப் பறந்துகொண்டிருந்தன. ஒன்றின் மேல் லென் ஃபாரோ என்கிற பையன். அந்த வருஷம்தான் ஜாக்கியாகப் பெயர் எடுக்க ஆரம்பித்திருந்தான், எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும்.

இரண்டும் கடைசி வேலிக்கு ஒன்றாக வந்தன. லென் குதிரை சீக்கிரமே எழும்பிவிட்டது. வேலியில் மார்பு இடித்து, குட்டிக்கரணம் அடித்து, பக்கத்துக் குதிரையின் காலிலேயே போய் விழுந்தது. இரண்டும் ஒரே மூட்டையாகப் புரண்டன. லென் அடியில் இருந்தான். ஆமோஸ் நின்ற இடத்துக்கு எலும்பு முறிகிற சத்தம் கேட்டது, அது குதிரையுடையதா ஆளுடையதா என்று தெரியவில்லை. பின்னால் வந்த பட்டன் அந்தக் குவியலைப் பார்த்தது. இரண்டு எட்டு ஒதுங்கி, வேலியின் ஓரத்தில் பூனை மாதிரித் தாண்டி இறங்கி, ஒரே நடையில் வெற்றிக் கம்பத்தைக் கடந்து போய்விட்டது. யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பர்சி இறங்கியபோது அவன் முகம் வெளுத்திருந்தது. “நான் என்னடா பண்றது ஆமோஸ்? நிறுத்தவும் முடியல, முன்னாடி யாருமே இல்லியே,” என்றான். ஆமோஸ் கம்பளியைக் குதிரை மேல் போட்டு வார் மாட்டினான். 

லென்னின் குதிரை எழவில்லை, அதற்குக் கித்தான் திரை கட்டினார்கள். குதிரை டாக்டர் பென்ரோஸ் உள்ளே போனார், ஒரு வெடிச்சத்தம் கேட்டது. மறுபக்கம் லென்னைச் சுற்றி ஆட்கள் குனிந்து நின்றார்கள். ஆனால் விதி விதிதான், ஏலம் நடந்தாக வேண்டும். ஏலக்காரர் தன் பெட்டி மேடையில் ஏறி மணி அடித்தார். ஆமோஸ் பட்டனை வட்டத்துக்குள் நடத்தினான். சுற்றிலும் கூட்டம். ஒரு பக்கம் டக்கெட், வட்டத் தொப்பியும் கம்பளிக் கோட்டுமாக. நேர் எதிரே கேப்டன் ஹெரிக், பழுப்புத் தொப்பியை அழுத்தி மாட்டிக்கொண்டு, கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, ஏதோ மேகத்தைப் பார்ப்பவர் மாதிரி நின்றார்.

ஒரு குடியானவர் ஆரம்பித்து உடனே ஒதுங்கினார். டக்கெட் விரலை அசைத்தார். ஏலக்காரர் பழுப்புத் தொப்பியைப் பார்த்து விலையை ஏற்றினார். டக்கெட் சுற்றுமுற்றும் பார்த்தார், கேட்கிற ஆள் யாரென்று தெரியாமல் எரிச்சல் வந்தது அவருக்கு. மறுபடி விரல். மறுபடி தொப்பி. டக்கெட்டின் விரல் மூன்றாவது முறை மெதுவாகத்தான் எழுந்தது. சதைக்கு இதற்குமேல் கட்டாது என்று அவர் மூஞ்சியில் எழுதியிருந்தது. இன்னும் ஒரு தடவை ஏறினால் போதும், குதிரை கேப்டனுக்கு. ஆமோஸ் நடந்துகொண்டே அந்தத் தொப்பியைப் பார்த்தான்.

ஏலக்காரர் மேடைக்குப் பின்னால்தான் மைதானத்திலிருந்து வருகிற பாதை. அந்தப் பாதையில் நாலு பேர் ஒரு தூக்குப்படுக்கையைச் சுமந்துகொண்டு வந்தார்கள். மேலே குதிரைக் கம்பளி போர்த்தியிருந்தது. தலைவரைக்கும் போர்த்தியிருந்தது.

எதிரே நின்றவர்கள் முதலில் பார்த்தார்கள். ஒரு தொப்பி இறங்கியது. பக்கத்துத் தொப்பி இறங்கியது. அந்த ஊரில் பிணம் போகும்போது தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிற ஆண்பிள்ளை கிடையாது. பிச்சைக்காரனானாலும் பிரபுவானாலும் கை தானாகப் போகும், யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. கேப்டன் லென்னின் தகப்பனோடு சேர்ந்து சண்டைக்குப் போனவர். அவர் கை பாக்கெட்டிலிருந்து வெளியே வந்தது. பழுப்புத் தொப்பி தலையை விட்டு இறங்கி மார்போடு நின்றது.

ஏலக்காரருக்கு முதுகு அந்தப் பக்கம். கூட்டத்தில் எத்தனை தொப்பி இறங்கியது என்று அவர் பார்க்கவில்லை. அவர் கண் ஒரே ஒரு தொப்பியில்தான் இருந்தது.

“ரெண்டு தரம். மூணு தரம். டக்கெட்.”

சுத்தியல் விழுந்தது. அந்த மௌனத்தில் அது ரொம்பப் பெரிதாகக் கேட்டது. ஏலக்காரர் திரும்பினார், தூக்குப்படுக்கையைப் பார்த்தார், தன் தொப்பியையும் அவசரமாக எடுத்தார்.

ஆமோஸ் எல்லாவற்றையும் பார்த்தான். ‘நிறுத்துங்க, அது ஜாடை இல்ல’ என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். வாயைத் திறந்தான். ஆனால் அவனுடைய தொப்பியும் அவன் கையில் இருந்தது. எப்போது எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. செத்தவனுக்கு முன்னால் எவன் கத்துவான்? தூக்குப்படுக்கை மெதுவாக, ரொம்ப மெதுவாகப் போனது. அது திரும்பி மறைந்த பிறகுதான் கேப்டன் தன் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை ஆமோஸ் பார்க்க விரும்பவில்லை, குதிரையின் காதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கேப்டன் ஏலக்காரரிடம் ஓடினார். ஏலக்காரர் நல்ல மனுஷன், நாக்குக் குழறியது அவருக்கு. ஆனால் விழுந்த சுத்தியலைத் திருப்பித் தூக்க முடியாது என்றார். கேப்டன் டக்கெட்டிடம் போனார். டக்கெட் கேட்டுக்கொண்டார், கெட்ட வார்த்தை ஒன்றும் பேசவில்லை. திங்கட்கிழமைக் கப்பலுக்குத் தலை குறைகிறது, குறைந்தால் அந்தப் பக்கம் அபராதம் போடுவான், நல்ல சதைப்பிடிப்பான உருப்படி இது ஒன்றுதான் இந்த வாரம் கிடைத்தது, மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பணம் கட்ட ஆபீஸ் பக்கம் நடந்தார். கேப்டன் கெஞ்சிக்கொண்டே பின்னால் போனார். ஒரு கேப்டன் ஒரு தரகர் பின்னால் அப்படிப் போய் அந்த ஊர் பார்த்ததில்லை.

பணம் கட்டிச் சீட்டு வருகிற வரைக்கும் குதிரை, பிடித்திருக்கிற பையன் கையில்தான். அதுதான் வழக்கம். ஆமோஸ் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றான். பட்டன் அவன் தோளில் தாடையை வைத்தது. ஜெயித்த நாளில் தவிட்டுக் கஞ்சியில் ஒரு முட்டை உடைத்து ஊற்றுவது வழக்கம், அதை எதிர்பார்த்து நின்றது போலிருந்தது. ஆமோஸ் ஆபீஸ் பக்கம் பார்த்தான், டக்கெட் இன்னும் வெளியே வரவில்லை. பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைசி வேலிப் பக்கம் நடக்க ஆரம்பித்தான். யாரும் தடுக்கவில்லை. ஒரு பையன் ஒரு குதிரையை நடத்திக்கொண்டு போவதை யார் கவனிப்பார்கள்?

கித்தான் திரைக்குப் பின்னால் டாக்டர் பென்ரோஸ் தன் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். செத்த குதிரையை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். புல் மட்டும் நசுங்கிக் கிடந்தது. காலையிலிருந்து வெறும் வயிறாக இருந்த பட்டன் உடனே குனிந்து மேய ஆரம்பித்தது.

“கால் போச்சு டாக்டர்,” என்றான் ஆமோஸ்.

“எது?”

“சூடு போட்டது.”

பென்ரோஸ் மண்டியிட்டு நரம்பை மேலிருந்து கீழே தடவினார். அழுத்தினார். குதிரை காலைச் சுளிக்கவில்லை, மேய்வதை நிறுத்தவும் இல்லை. அவர் காலை விடாமலே நிமிர்ந்து ஆமோஸைப் பார்த்தார். அப்புறம் திரை விலகிய இடைவெளியில் ஆபீஸ் வாசலைப் பார்த்தார். டக்கெட்டின் வட்டத் தொப்பியும் கேப்டனின் வெறுந்தலையும் அங்கே தெரிந்தன.

“கேப்டன் சொன்னாரா?”

“சொன்னார்.”

“சரியா யோசிச்சுச் சொல்லு. கேப்டன் சொன்னாரா?”

“சொன்னார் டாக்டர்.”

பென்ரோஸ் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். பெட்டியைத் திறந்து துப்பாக்கியை எடுத்தார். “தலையத் தூக்கிப் பிடி,” என்றார். ஆமோஸ் பிடித்தான். பின்னிய பிடரி மயிர் அவன் விரலில் இடறியது. “சரிடா,” என்றான். அது யாருக்குச் சொன்னது என்று பென்ரோஸ் கேட்கவில்லை.

பிறகு நடந்தது கொஞ்ச நேரக் கூத்து. டக்கெட் கையில் பணத்தோடு ஆபீஸில் கத்தினார், பந்தய நிர்வாகிகள் மூன்று கனவான்கள் கூடினார்கள், ஆமோஸைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். ஏலம் போன குதிரையைச் சுடச் சொன்னது யார் என்று கேட்டார்கள். ஆமோஸ் வாயைத் திறப்பதற்குள் கேப்டன் ஹெரிக் முன்னால் வந்தார். அவருக்கு அப்போதுதான் விஷயமே தெரியும், வெடிச்சத்தம் கேட்டும் அது எந்தக் குதிரைக்கு என்று அவருக்குத் தெரியவில்லை. ஆமோஸை ஒரு தடவை பார்த்தார். அந்த மனுஷர் தன் ஆயுளில் பொய் சொன்னதாக யாரும் கேட்டதில்லை.

“நான்தான் சொன்னேன். நரம்பு அறுந்துபோச்சு. அதைத் துடிக்க விடச் சொல்றீங்களா?”

பென்ரோஸைக் கேட்டார்கள். அவர் ஆமாம் அறுந்துதான் போயிருந்தது என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். பணம் கைமாறவில்லை, சீட்டு எழுதவில்லை, எனவே வியாபாரம் செல்லாது என்று கனவான்கள் முடித்தார்கள். டக்கெட் எல்லோரையும் ஏமாற்றுக்காரப் பயல்கள் என்று திட்டிவிட்டுப் போனார். அவர் சொன்னது நிஜம்தான், என்ன செய்வது. பட்டனை வேட்டை நாய்களுக்குத் தீனியாக நாய்க் கூடத்துக்கு வண்டியில் ஏற்றினார்கள், பந்தயக் குதிரைகள் கடைசியில் போகிற இடம் அதுதான். ஆமோஸ் கடிவாளத்தைக் கழற்றி மடித்து எடுத்துக்கொண்டான்.

ரயிலடியில் அவனும் கேப்டனும் மட்டும் நின்றார்கள். பர்சி, லென்னின் வீட்டுக்குச் சேதி சொல்லப் போயிருந்தான். காற்று இன்னும் ஓயவில்லை. கேப்டன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“கால் போயிருந்துச்சா ஆமோஸ்?”

“இல்ல சார்.”

“என்கிட்ட கேட்டிருக்கலாமே.”

“கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க.”

“ஆமா,” என்றார் கேப்டன். “சொல்லியிருப்பேன்.” குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார். “பட்டனுக்குத் தெரிஞ்சுதா?”

“இல்ல சார். வாயில புல்லு இருந்துச்சு, மென்னுக்கிட்டே இருந்தான். அவனுக்கு ஒண்ணும் தெரியல.”

ஆமோஸ் கடிவாளத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். அதன் கொக்கி உள்ளங்கையில் குத்தியது, வலித்தது. அந்தக் கையை அவன் விசித்திரமாகப் பார்த்தான், யாருடையதோ கை மாதிரி.

“எனக்குத்தான் சார் தெரிஞ்சுது,” என்றான். “எல்லாம் தெரிஞ்சுது.”

கேப்டன் அவன் பக்கம் திரும்பவில்லை. வண்டி வந்தது. இருவரும் ஏறிக்கொண்டார்கள்.